பிளாஸ்மாவைச் சுத்தி இருக்கிற உலோகச் சுவர் உண்மையில என்ன வேலை பாக்குது

ஃபியூஷன் (லேசான அணுக்கருக்களை இணைச்சு சக்தி எடுக்கிறது) பத்தி எழுதுற எல்லாருமே மேக்னட்ல ஆரம்பிச்சு மேக்னட்லயே முடிச்சிடறாங்க. பத்து கோடி டிகிரிக்கு மேல கொதிக்கிற, எலக்ட்ரான் பிரிஞ்ச வாயுவான பிளாஸ்மாவை எந்தப் பாத்திரத்துலயும் வைக்க முடியாது, அதனால காந்தப் புலத்துல புடிச்சு வைக்கிறோம், சூப்பர்கண்டக்டர் காயில் இத்தனை டெஸ்லா, அதோட கதை முடிஞ்சுது. சுவர்னு ஒண்ணு நடுவுல வந்தா அது பிளாஸ்மா பட்டு உருகிப் போற பொருளா மட்டும்தான் வரும். எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு. அந்தச் சுவர் பிளாஸ்மாவைத் தொடாமலே, சும்மா பக்கத்துல ஒரு கண்டக்டரா நிக்கிறதாலயே, அந்த மெஷினை ஓட வைக்குதுங்கிறதை யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. இன்னைக்கு இருக்கிற பெரிய டோகமாக் (காந்தப் புலத்தால பிளாஸ்மாவை வளையமா புடிச்சு வைக்கிற மெஷின்) எதுலயாச்சும் சுத்தி இருக்கிற உலோகத்தை எல்லாம் மாயமா எடுத்துட்டு மேக்னட்டை மட்டும் விட்டு வச்சா, பிளாஸ்மா மில்லிசெகண்ட் கூட தாக்குப் பிடிக்காது.

ஏன்னு பாப்போம். டோகமாக்ல பிளாஸ்மாங்கிறது சும்மா சூடான வாயு கிடையாது, அதுக்குள்ள மெகா ஆம்பியர் கணக்குல கரண்ட் ஓடுது, ஃபிரான்ஸ்ல கட்டிட்டு இருக்கிற ஈட்டர்ங்கிற பெரிய டோகமாக்ல 15 மெகா ஆம்பியர் ஓடணும். அவ்வளவு கரண்ட் ஓடுற ஒரு வளையம், ஆனா கம்பி மாதிரி கெட்டியா இல்லாம எப்படி வேணாலும் வளையுற ஒண்ணு. அது ஒரு இடத்துல லேசா புடைச்சுதுன்னா அந்தப் புடைப்பே இன்னும் புடைக்கிற மாதிரி விசையை உண்டாக்கிக்கும், முழு வளையமும் திருகாணி மாதிரி முறுக்கிக்கும். இதுக்குப் பேரு கிங்க். 1950கள்லயே குருஸ்கல், ஷஃப்ரானோவ்னு ரெண்டு பேரும் தனித்தனியா கணக்குப் போட்டு இவ்வளவு கரண்டுக்கு மேல போனா முறுக்கிக்கும்னு ஒரு எல்லையைச் சொல்லிட்டாங்க. இப்போ பக்கத்துல ஒரு நல்ல கண்டக்டர் சுவர் இருக்குன்னு வைங்க. பிளாஸ்மா புடைச்சு சுவர் பக்கம் வரும்போது அதோட காந்தப் புலமும் சுவருக்குள்ள நுழையப் பாக்கும், மாறுற காந்தப் புலம் உலோகத்துல எடி கரண்டை உண்டாக்கும், அந்த எடி கரண்ட் வந்த புலத்தை எதிர்க்கும். ஸ்கூல்ல படிச்ச லென்ஸ் விதிதான். புடைச்ச இடத்தை சுவர் திருப்பித் தள்ளுது, அதுவும் எந்த சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாம, சரியா எந்த இடத்துல எந்த வடிவத்துல தேவையோ அங்க அந்த வடிவத்துலயே. எனக்கு இந்த விஷயம் இன்னைக்கும் பிரமிப்புதான்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. காப்பர் குழாய்க்குள்ள ஒரு பலமான காந்தத்தைப் போட்டா என்ன ஆகும்னு நிறைய பேர் பாத்திருப்பீங்க, சர்ருனு விழாம மெதுவா இறங்கும். மெதுவா இறங்கும், ஆனா நிக்காது. காப்பருக்கும் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, எடி கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா சூடா மாறிச் செத்துடும், காந்தம் கீழ வந்துடும். பிளாஸ்மாவுக்கும் சுவருக்கும் நடுவுல நடக்கிறது அப்படியே இதுதான். 1971ல ஃபிர்ஷ், டாசோன்னு ரெண்டு பேர் இதை முறையா நிரூபிச்சாங்க, சுவர் இல்லாம நிலையில்லாத ஒரு பிளாஸ்மாவை ரெசிஸ்டன்ஸ் இருக்கிற சுவர் வச்சு மட்டும் நிலையாக்கவே முடியாது (பிளாஸ்மா ஓடாம நிக்குது, உள்ள உராய்வு மாதிரி எதுவும் இல்லைங்கிற பட்சத்துல, இந்த நிபந்தனையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்). சுவரால முடியுறது ஒண்ணே ஒண்ணு, அவகாசம் கொடுக்கிறது. மைக்ரோசெகண்ட்ல நடக்க வேண்டிய விபத்தை மில்லிசெகண்டுக்குத் தள்ளிப் போடும். மைக்ரோசெகண்ட்ல மெகா ஆம்பியர் பிளாஸ்மாவைத் திருத்துற பவர் சப்ளை எங்கயும் கிடையாது, மில்லிசெகண்ட்னா கிடைக்கும். ஒரு ஆயிரம் மடங்கு அவகாசம், அதுக்குள்ளதான் இந்தத் துறையோட கண்ட்ரோல் இன்ஜினியரிங் மொத்தமும் உக்காந்திருக்கு.

அந்த அவகாசம் எவ்வளவுன்னு பேப்பர்லயே போட்டுப் பாத்துடலாம். சுவரோட கடத்துத்திறன், தடிமன், ஆரம், இதோட மியூ-நாட்ங்கிற காந்த மாறிலி, எல்லாத்தையும் பெருக்கி ரெண்டால வகுத்தா தோராயமா ஒரு நேரம் வரும். இத்தாலில படோவாவுல ஆர்எஃப்எக்ஸ்-மாட்னு ஒரு மெஷின், அதுல 3 மில்லிமீட்டர் காப்பர் ஓடு, ஆரம் சுமார் அரை மீட்டர், போட்டுப் பாத்தா 50 மில்லிசெகண்ட் பக்கம் வருது, அவங்க சொல்றதும் அதேதான். அதே தடிமன்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருந்தா ஸ்டீலோட ரெசிஸ்டன்ஸ் காப்பரை விட நாப்பது மடங்கு கிட்ட அதிகம், அதனால ஒண்ணேகால் மில்லிசெகண்ட்தான் மிஞ்சும். ஈட்டரோட வேக்யூம் வெசல் (பிளாஸ்மா இருக்கிற வெற்றிடப் பாத்திரம்) ஸ்டீல்தான், ஆனா 60 மில்லிமீட்டர் தகடு ரெண்டு அடுக்கு, ஆரமும் பெருசு, அதனால ஒரு செகண்ட்ல பத்துல ஒண்ணு ரெண்டு பங்குன்னு நல்ல அவகாசம் கிடைக்குது.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல, டோகமாக் பொறந்ததே காப்பர் ஓட்டுக்குள்ளதான். மாஸ்கோல குர்ச்சடோவ் இன்ஸ்டிட்யூட்டோட டி-3 மெஷின், 1968ல நோவோசிபிர்ஸ்க் மாநாட்டுல சோவியத் ஃபியூஷன் திட்டத் தலைவர் ஆர்ட்சிமோவிச் அதோட பிளாஸ்மா எவ்வளவு சூடானதுங்கிற ரிசல்ட்டைச் சொன்னப்போ மேற்கு நாடுகள் நம்பல, அடுத்த வருஷம் இங்கிலாந்துல கல்ஹாம்ல இருந்து ஒரு டீம் லேசரைத் தூக்கிட்டுப் போய் அளந்து பாத்து, சொன்னது உண்மைதான்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அந்த பிளாஸ்மாவை நடுவுல நிறுத்தி வச்சது ஒரு தடிமனான காப்பர் ஓடுங்கிறது அந்தக் கதையில வர்றதே இல்ல. வளையமா இருக்கிற பிளாஸ்மா இயல்பாவே வெளிப்பக்கமா விரியப் பாக்கும், அது காப்பரை நெருங்கும்போது எடி கரண்ட் திருப்பித் தள்ளும். ஷாட் (ஒரு தடவை பிளாஸ்மாவை ஓட்டுறது) சின்னதா இருந்ததால எடி கரண்ட் சாகுறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். அப்புறம் ஷாட் நீளம் கூடக் கூட அது போதாம தனியா செங்குத்து ஃபீல்டு காயிலும் ஃபீட்பேக்கும் (பிளாஸ்மா நகர்றதை அளந்து காயில் கரண்டை உடனே திருத்துறது) வந்தது.

அப்புறம் ஏன் மறுபடி சுவர் முக்கியமாச்சு? பிளாஸ்மாவை நீட்டினதாலதான். இன்னைக்கு பெரிய டோகமாக்குகளோட குறுக்குவெட்டு வட்டம் இல்ல, மேலயும் கீழயும் இழுத்த மாதிரி நீளமா இருக்கும். அப்படி நீட்டினா அதே காந்தப் புலத்துல அதிக கரண்ட் ஓட்டலாம், வெப்பம் நல்லா தங்கும், அழுத்தமும் கூட்டலாம். சுவிட்சர்லாந்துல லோசான்ல இருக்கிற டிசிவி மெஷின் உயரத்தை அகலத்தைப் போல 2.8 மடங்கு வரைக்கும் நீட்டியிருக்கு. ஆனா நீட்டுறதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற காயில்ல பிளாஸ்மா கரண்ட் ஓடுற அதே திசையில கரண்ட் விட்டு இழுக்கணும், ஒரே திசைல ஓடுற ரெண்டு கரண்ட் ஒண்ணை ஒண்ணு இழுக்கும் இல்லையா. பிளாஸ்மா சரியா நடுவுல இருக்கிற வரைக்கும் ரெண்டு பக்க இழுப்பும் சமம், ஒரு மில்லிமீட்டர் மேல போச்சுன்னா மேல் காயில் இன்னும் பலமா இழுக்கும், அப்புறம் இன்னும் மேல, இன்னும் பலமா. இதைத் தடுக்கிறது சுவர்தான். பிளாஸ்மா நெருங்குற பக்கத்துச் சுவர்ல எதிர்த் திசைல கரண்ட் உண்டாகித் தள்ளும், விலகுற பக்கத்துச் சுவர்ல அதே திசைல உண்டாகி இழுக்கும், அதுக்குள்ள ஃபீட்பேக் காயில் முழிச்சுக்கிட்டு பிளாஸ்மாவைத் திரும்ப நடுவுக்குக் கொண்டு வரணும். சுவர் ரொம்ப தூரத்துல இருந்தாலோ பிளாஸ்மாவை ரொம்ப நீட்டிட்டாலோ இந்த அவகாசம் சுருங்கிட்டே வந்து ஒரு கட்டத்துல சுத்தமா இல்லாமப் போயிடும், அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய பவர் சப்ளை போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

கண்ட்ரோல் கை நழுவிப் போனா பிளாஸ்மா அப்படியே போய் மேலயோ கீழயோ மோதும். அப்போ பிளாஸ்மா கரண்ட்ல ஒரு பகுதி உலோகத்துக்குள்ளயே நுழைஞ்சு சுத்தி வரும், ஹேலோ கரண்ட்னு சொல்லுவாங்க, அது மெயின் காந்தப் புலத்தைக் குறுக்க வெட்டிட்டுப் போகும்போது சுவர் மேல விழுற விசை பயங்கரமானது. இங்கிலாந்தோட ஜெட் மெஷின்ல இந்த மாதிரி ஒரு சம்பவத்துல ஒரு பக்கமா விழுந்த விசையில முழு வேக்யூம் வெசலே பக்கவாட்டுல சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. நூறு டன் கணக்குல இருக்கிற பாத்திரத்தைத் தள்ளினது, ஒரு கிராம் கூட எடை தேறாத பிளாஸ்மாவுல ஓடுன கரண்ட். ஈட்டர் டிசைன்ல வெசல் தாங்கிகளோட பலத்தைத் தீர்மானிக்கிறதுல இந்த மாதிரி சம்பவங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு.

இதுவரைக்கும் சொன்னது பிளாஸ்மா மொத்தமா மேல கீழ போற கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான், மறுபடி கிங்க்குக்கு வரோம், ஆனா இப்போ அழுத்தத்தால வர்ற கிங்க். பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தை பீட்டான்னு சொல்லுவாங்க, சில சதவீதம்தான் இருக்கும். ஃபியூஷன் பவர் பீட்டாவோட வர்க்கத்துல ஏறும், பீட்டா ரெண்டு மடங்கு ஆனா பவர் நாலு மடங்கு, அதனால பீட்டாவைக் கூட்டுறதுங்கிறது நேரா காசு விஷயம். 1984ல ட்ராயோன் பீட்டாவுக்கு ஒரு உச்ச வரம்பு கண்டுபிடிச்சார், அது சுவரே இல்லைன்னு வச்சுப் போட்ட கணக்கு. பக்கத்துல பெர்ஃபெக்ட் கண்டக்டர் (ரெசிஸ்டன்ஸே இல்லாத) சுவர் இருந்தா வரம்பு இன்னும் மேல போகும், சில டிசைன்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த ரெண்டு வரம்புக்கும் நடுவுல இருக்கிற இடத்துலதான் நிஜ சுவரோட ரெசிஸ்டன்ஸ் காரணமா மெதுவா வளர்ற ஒரு கிங்க் உக்காந்திருக்கு, ரெசிஸ்டிவ் வால் மோட். அந்த இடத்துல ஒரு ஷாட் முழுக்க ஓட்ட முடியுமா முடியாதாங்கிறதுதான் பல வருஷம் நடந்த சண்டை.

ஃபிர்ஷும் டாசோவும் சொன்னபடி பாத்தா முடியவே கூடாது. ஆனா அமெரிக்காவுல சான் டியகோல இருக்கிற டி-த்ரீ-டி மெஷின்ல 1990கள்ல சுவரில்லா வரம்பைத் தாண்டி, சுவர் கொடுக்கிற அவகாசத்தை விடப் பல மடங்கு நேரம் பிளாஸ்மா நின்னுச்சு. எப்படின்னா அந்த நிபந்தனை ஞாபகம் இருக்கா, பிளாஸ்மா ஓடாம நிக்கணும்னு. டி-த்ரீ-டி பிளாஸ்மாவை நியூட்ரல் பீம் (மின்சுமை இல்லாத வேகமான அணுக்களோட கற்றை) தள்ளித் தள்ளி வேகமா சுத்த வச்சிட்டு இருந்தது. சுத்துற பிளாஸ்மாவோட ஒட்டிப் போற கிங்க்குக்கு சுவர் நிக்கிற சுவராத் தெரியாது, எப்பவும் புதுசு புதுசா வர்ற சுவரா இருக்கும், எடி கரண்ட் சாகவே நேரம் கிடையாது. அந்தக் கிங்க் பிளாஸ்மாவை விட்டுட்டு சுவரோட ஒட்டிக்கிட்டாத்தான் மெதுவா வளர முடியும், அப்படி ஒட்டினா அதைக் கடந்து ஓடுற பிளாஸ்மா அதோட சக்தியை உறிஞ்சிடும். 1994ல போண்டெசனும் வார்டும் இதைத் தியரியா எழுதினாங்க.

ஆனா கொஞ்ச நேரத்துல பிளாஸ்மா சுத்துறது தானாவே மெதுவாகி, அப்புறம் மோட் வளர்ந்து எல்லாம் காலி. ஏன் மெதுவாகுதுன்னு தேடினதுல கிடைச்ச விடை அழகானது. எந்த மெஷின்லயும் காயிலை நூறு சதவீதம் சரியா வைக்க முடியாது, ஒரு காயில் லேசா சாஞ்சிருக்கும், ஒரு கேபிள் இணைப்பு ஒரு பக்கமா இருக்கும், அதனால மெயின் ஃபீல்டுல பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு ஒரு கோணல் எப்பவும் உண்டு, எரர் ஃபீல்டு. சுவரில்லா வரம்பைத் தாண்டின பிளாஸ்மா இந்தக் கோணலை அப்படியே பெருக்கிக் காட்டுது, ஏன்னா அதுக்கு ஏற்கனவே அந்தத் திசையில வளையத்தான் ஆசை, 2001ல ஆலன் பூசர் இதை விளக்கினார். பெருக்கின கோணல் பிரேக் மாதிரி சுத்துறதை நிறுத்துது. அப்போ செய்ய வேண்டியது கோணலைத் துல்லியமா எதிர்க் காயில் வச்சு ரத்து பண்றது. அதைப் பண்ணினதும் சுழற்சி நின்னு போகல, சுவரில்லா வரம்புல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போய் நிலைச்சு ஓட்ட முடிஞ்சது. ஃபீட்பேக்கால மோட் கூட நேருக்கு நேர் மோதணும்னு எதிர்பார்த்த இடத்துல, மெஷினை ஒழுங்கா நேர் பண்ணினதே பாதி வேலையை முடிச்சிடுச்சு. இந்தத் துறையில எனக்கு ரொம்ப மனசுக்குப் பிடிச்ச ரிசல்ட் இது.

அதுக்கப்புறம் டி-த்ரீ-டியிலயும் ஜப்பானோட ஜேடி-60யூலயும் பீமை ரெண்டு திசையிலயும் சமமா விட்டுப் பாத்தாங்க, அவங்க நினைச்சதை விட ரொம்பக் குறைஞ்ச சுழற்சியே போதும்னு தெரிஞ்சது. ஈட்டர் மாதிரி பெரிய மெஷின்ல பிளாஸ்மா வேகமா சுத்தாதுங்கிறதால இது நல்ல செய்தி. ஆனா பிரின்ஸ்டனோட என்எஸ்டிஎக்ஸ் மெஷின்ல பாத்தா நல்ல வேகத்துல சுத்தும்போதே சில சமயம் மோட் வளருது. பிளாஸ்மா சுத்துற வேகம் உள்ள இருக்கிற துகள்களோட இயல்பான அலைவு வேகங்களோட ஒத்துப் போறப்போ மட்டும் சக்தி உறிஞ்சப்படுது, ஒத்துப் போகாத இடைப்பட்ட வேகத்துல பாதுகாப்பு பலவீனமாயிடுதுன்னு விளக்கினாங்க. அதாவது அதிகமா சுத்தினா அதிகப் பாதுகாப்புங்கிற நேர்க்கோட்டுக் கணக்கு இங்க செல்லாது.

சுழற்சியை நம்பாம ஃபீட்பேக்கை மட்டும் நம்பி ஓட்டினவங்கன்னா படோவா ஆளுங்கதான். அவங்க மெஷின் ரிவர்ஸ்டு ஃபீல்டு பிஞ்ச் வகை (டோகமாக் மாதிரியே வளையம், ஆனா ஓரத்துல காந்தப் புலம் திசை திரும்பியிருக்கும்), அதுல சுவர் இல்லாம எதுவுமே நடக்காது, பழைய ஆர்எஃப்எக்ஸ்ல 65 மில்லிமீட்டர் அலுமினிய ஓடு போட்டிருந்தாங்க. புதுப்பிச்சப்போ அதைத் தூக்கிட்டு நான் மேல சொன்ன 3 மில்லிமீட்டர் காப்பரைப் போட்டு, சுத்தி 192 காயில் வச்சு, ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு சென்சார், அதுக்குக் கீழ சுவர்ல நுழையப் பாக்குற புலத்தை அந்தக் காயில் அப்பப்போ ரத்து பண்ணிட்டே இருக்கும். சுவர்ல செத்துப் போற எடி கரண்டை எலக்ட்ரானிக்ஸ் உயிரோட வச்சிருக்குன்னு சொல்லலாம், ரெசிஸ்டன்ஸ் இருக்கிற ஓடு பெர்ஃபெக்ட் கண்டக்டர் மாதிரி நடந்துக்குது. இந்த ஐடியாவை 1989ல எழுதினது கிறிஸ்டோபர் பிஷப், பின்னாடி மெஷின் லேர்னிங்ல பெரிய பேர் வாங்கின அதே பிஷப், அவர் அப்போ கல்ஹாம்ல ஃபியூஷன் தியரி பண்ணிட்டு இருந்தார். அதே மெஷினை டோகமாக்கா ஓட்டி, எல்லாரும் தாண்டவே பயப்படுற க்யூ ரெண்டுங்கிற எல்லைக்குக் கீழயும் (காந்தக் கோடு குறுக்குவெட்டை ஒரு தடவை சுத்துறதுக்குள்ள வளையத்தை எத்தனை தடவை சுத்துதுங்கிறதுதான் க்யூ, கரண்ட் கூடினா அது குறையும்) ஃபீட்பேக் பலத்துல நிறுத்திக் காட்டினாங்க, டி-த்ரீ-டியும் காட்டுச்சு, 2014ல சேர்ந்து வெளியிட்டாங்க.

சுவர்தான் காரணம்னு சந்தேகத்துக்கு இடமில்லாம காட்டின பரிசோதனைகளும் இருக்கு. நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டியோட எச்பிடி-ஈபிங்கிற சின்ன டோகமாக்ல சுவரைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்மா கிட்ட நகர்த்தவும் தள்ளி வைக்கவும் முடியுற மாதிரி கட்டினாங்க. கிட்ட வச்சா கிங்க் அடங்குது, தள்ளி வச்சா வளருது. விஸ்கான்சின்ல இன்னும் ஒரு படி மேல போய் பிளாஸ்மா சுத்துறதுக்குப் பதிலா உலோகச் சுவரையே மோட்டார் வச்சு வேகமா சுத்தி விட்டு, 2011ல ரெசிஸ்டிவ் வால் மோட் இல்லாம ஓட்டக் கூடிய கரண்ட் கூடுறதைக் காட்டினாங்க. இதை ரியாக்டர்ல செய்ய முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா தியரி சொல்றது சரிதான்னு இதை விட நேரா எப்படிக் காட்ட முடியும்?

சுவர் எப்பவும் நல்லதே பண்ணும்னு நினைச்சிட வேண்டாம். பிளாஸ்மாவுக்குள்ள சுத்திட்டு இருக்கிற ஒரு காந்தத் தீவு (காந்தக் கோடுகள் உடைஞ்சு தனியா மூடிக்கிட்ட பகுதி) இருந்தா அதோட எடி கரண்ட் சுவர்ல கொஞ்சம் பின்தங்கி வரும், அந்தப் பின்தங்கலே ஒரு இழுவை விசை, தீவு மெதுவாகி மெதுவாகி கடைசில சுவரோட பூட்டிக்கும். லாக்டு மோட்னு சொல்லுவாங்க, பெரும்பாலான டிஸ்ரப்ஷனுக்கு (பிளாஸ்மா திடீர்னு குலைஞ்சு போறது) முன்னாடி இது வந்து நிக்கும். இன்னொரு பிரச்சனை, முழுசா மூடின காப்பர் ஓடு போட்டா பிளாஸ்மா கரண்டை ஓட்டுறதுக்காக நடுவுல இருக்கிற சாலினாய்டு காயில் தூண்டுற வோல்டேஜ் பிளாஸ்மாவுக்குப் போகாம ஓட்டுலயே ஷார்ட் ஆயிடும், அதனால ஓட்டை எங்கயாச்சும் வெட்டித்தான் ஆகணும், வெட்டின இடத்துல எடி கரண்ட் திரும்பிப் போக வேண்டி வரும், அங்கயே ஒரு எரர் ஃபீல்டு பொறக்கும். படோவால அந்த வெட்டுல ரெண்டு ஓரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி வச்சது இதுக்குத்தான். ஈட்டர்ல வெசல்ல எடி கரண்ட் வேணும், ஆனா அதுக்கு உள்பக்கம் நியூட்ரானைத் தாங்குறதுக்கு இருக்கிற பிளாங்கெட் தொகுதிகள்ல வேண்டாம், டிஸ்ரப்ஷன்ல அவை பிடுங்கிட்டு வர்ற அளவு விசை வரும், அதனால அந்த ஸ்டீல் கட்டைகள்ல ஆழமா கீறல் கீறலா வெட்டி கரண்ட் ஓடுற பாதையை உடைச்சு வச்சிருக்காங்க. ஒரே மெஷின், ஒரே ஸ்டீல், ஒரு இடத்துல கரண்டைக் கூப்பிடணும், பக்கத்துல விரட்டணும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது பவர் எடுக்கிற ரியாக்டர்தான். சுவரோட பலன் தூரத்தோட எவ்வளவு வேகமா குறையும்னு பாருங்க. பிளாஸ்மா ஆரம் ஒண்ணுன்னா சுவர் 1.2ல இருந்தா, மூணு மடிப்பு இருக்கிற கிங்க்குக்கு எளிய உருளைக் கணக்குல சுவரோட தாக்கம் மூணுல ஒரு பங்கு கிடைக்கும். 1.5க்குத் தள்ளினா பதினொண்ணுல ஒரு பங்குதான். சுவர் கிட்ட இருக்கணும். ஆனா ரியாக்டர்ல பிளாஸ்மாவுக்கும் வெசலுக்கும் நடுவுல எரிபொருளான ட்ரிடியத்தைத் தயாரிக்கிற லித்தியம் பிளாங்கெட் வந்தே ஆகணும், அது பல பத்து சென்டிமீட்டர்ல இருந்து ஒரு மீட்டர் வரைக்கும் தடிமன். அப்போ கண்டக்டரை பிளாங்கெட்டுக்கு உள்ள, பிளாஸ்மா பக்கம் வைக்கலாமேன்னா அங்க 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் மழை. காப்பரோட அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா நிக்கலாவும் துத்தநாகமாவும் மாறி அதோட கடத்துத்திறன் இறங்கிட்டே போகும், சூட்டுல ஏற்கனவே இறங்கியிருக்கும், போதாததுக்கு ட்ரிடியம் உண்டாக்க வேண்டிய நியூட்ரானையும் அது தின்னுடும். அமெரிக்காவோட ஏரீஸ்ங்கிற ரியாக்டர் டிசைன்கள்ல பிளாங்கெட்டுக்குள்ள டங்ஸ்டன் தகடு புதைச்சுப் பாத்தாங்க. ஐரோப்பாவோட டெமோங்கிற மாதிரி ரியாக்டர் டிசைன்ல பிளாஸ்மாவை எவ்வளவு நீட்டலாம்ங்கிறதையே இந்தத் தூரம்தான் கட்டிப் போடுது. பிளாஸ்மாவுல பெருசா கரண்டே ஓட்டாம வெளிக் காயில்களை வச்சே புடிக்கிற ஸ்டெல்லரேட்டர்ங்கிற வேற வகை மெஷின்ல இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்ல, அந்தப் பக்கம் போறவங்க சொல்ற காரணங்கள்ல இது நியாயமான ஒண்ணு.

என் கருத்து, பிளாங்கெட் டிசைன் முடிச்சுட்டு அப்புறம் ஸ்டெபிலிட்டி ஆளுங்ககிட்ட கொடுக்கிற முறை இனிமே சரிப்படாது, எந்த இடத்துல எவ்வளவு உலோகம், எங்க வெட்டு, எவ்வளவு தூரம்ங்கிறதை முதல் நாள்லயே ரெண்டு பக்கமும் சேர்ந்து முடிவு பண்ணணும். அதுக்கு நல்ல டேட்டா வேணும். ஜப்பான்ல நாகால 2023 அக்டோபர்ல முதல் பிளாஸ்மா காட்டின ஜேடி-60எஸ்ஏ டோகமாக்கை நான் ஆவலா கவனிக்கிறது இதுக்குத்தான், அதோட திட்டத்துல பிளாஸ்மாவை ஒட்டி ஒரு ஸ்டெபிலைசிங் பிளேட்டும், ரெசிஸ்டிவ் வால் மோடுக்குன்னே தனி காயில்களும், நூறு செகண்ட் நீள ஷாட்டும் இருக்கு. சுவரில்லா வரம்புக்கு மேல நூறு செகண்ட்ங்கிறது அந்தப் பிளேட் கொடுக்கிற அவகாசத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு, அந்த ஷாட்ல சுழற்சி எவ்வளவு இருந்தது, காயில் எவ்வளவு கரண்ட் குடிச்சதுங்கிற ரெண்டு கிராஃப்பும் வெளிவந்தா அன்னைக்கே உக்காந்து படிச்சு இங்க எழுதுவேன்.